நன்னீர் மீனும் மலையக உழைப்பாளரும்: கொத்மலை நீரோட்டத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மலையக வரலாறு பெரும்பாலும் காணியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கோப்பி, தேயிலை, லயம், கூலி, குடியுரிமை ஆகியன பற்றிப் பல ஆய்வுகள் வெளிவந்துள்ளன. ஆயின், அம்மலைகளின் நீர்நிலைகள் யாருடையன, அவற்றில் மீன்பிடிக்கும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்னும் வினாக்கள் உரிய கவனத்தைப் பெறவில்லை. சிறு வாவியொன்றின் கரையில் தூண்டிலோடு அமர்ந்திருப்பதை வெறும் பொழுதுபோக்கெனக் கருதி ஒதுக்கிவிடுதல் எளிது. அப்பொழுதுபோக்கிற்கும் ஒரு வர்க்க அடிப்படை உண்டு என்பதே நமது கருத்தாகும்.

நுவரெலியாவின் கிரகரி வாவி இயற்கையாக அமைந்ததன்று. தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல், சதுப்பு நிலத்தில் நீரைத் தேக்கி அஃது ஆக்கப்பட்டது. அதிலிருந்து வெளியேறும் நீர் நானுஓயாவாகப் பாய்ந்து, தலவாக்கலைப் பக்கத்திற் கொத்மலை ஓயாவுடன் கலந்து, ஈற்றில் மகாவலியைச் சேர்கிறது. எனவே நுவரெலியாவையும் கொத்மலையையும் ஒரே நீரோட்டத்தின் இரு முனைகளாகக் கொண்டு நோக்குவது பொருத்தமாகும்.

மேல்முனையில் நிகழ்ந்ததை முதலிற் காண்போம். 1869 முதல் பரவிய இலைநோயினாற் கோப்பிப் பயிர்ச்செய்கை அழிந்துகொண்டிருந்த காலம் அது. தோட்டங்கள் கைமாறின, உழைத்த கூலியைப் பெறவியலாது தொழிலாளர் அல்லலுற்றனர். அவ்வாண்டுகளிலேதான், 1882 தொடக்கம், துரைமார் ‘திரௌட்’ மீனினத்தை மலைநாட்டு ஓடைகளிற் குடியேற்ற முனைந்தனர். தமது தாயகத்தின் குளிரையும் கொடிப்பூக்களையும் மலையுச்சியில் மீளப் படைத்துக்கொண்டோர் மீனை மட்டும் விட்டுவைப்பார்களா? 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் நிறுவப்பட்டது. செயற்கை ஈயைக் கொக்கியிற் கட்டி வீசிப் பிடிக்கும் இவ்விளையாட்டில் உணவுத் தேவைக்கு இடமில்லை. பிடிப்பவனின் திறனும் ஓய்வுமே அங்கு முதன்மை பெற்றன. ஓய்வு என்பது தோட்டத்தில் ஒரு சாராருக்கே உரிய உடைமையாக இருந்ததை நாம் மறத்தலாகாது.

லயத்துச் சமையலில் மீன் என்பது பெரும்பாலும் கடற்கரையிலிருந்து காய்ந்து வந்த கருவாடும் நெத்தலியுமே. லயத்திற்குக் கீழே ஓடும் ஆற்றிலிருந்து அஃது ஏன் வரவில்லை? மலையோடையின் குளிர்ந்த விரைநீரில் மீன்வளம் குறைவு என்பது ஒரு காரணம். சமூகக் காரணம் அதனினும் ஆழமானது. வறண்ட வலயக் கிராமத்தில் குளமும் வயலும் மக்களும் ஒரே அமைப்பின் உறுப்புகள். குளத்து நீர் வற்றும்போது மீனிலும் ஊராருக்குப் பங்கு கிடைத்தது. தோட்டத் தொழிலாளிக்கோ கிராமம் என்ற ஒன்றே இருக்கவில்லை. குடியிருப்புத் தோட்ட முதலாளியுடையது; காட்டையும் தரிசையும் 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணைகொண்டு முடி தனதாக்கியிருந்தது. வழக்காற்று உரிமையென ஒன்று முளைவிட மண்ணே இல்லாதவிடத்து, நீரில் எவ்வாறு உரிமை எழும்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்நிலையை அரசியல் வடிவிலும் உறுதிசெய்தது.

இந்நிலையில் 1952இல் ஆபிரிக்கத் திலாப்பியா இலங்கை நீர்நிலைகளில் விடப்பட்டமை முக்கியமானதொரு திருப்பமாகும். இது விளையாட்டு மீனன்று, சட்டிக்குரிய மீன். ஆழமற்ற கரையோரத்தில் ஆண் மீன் குழி பறிக்க, பெண் மீன் முட்டைகளை வாயிலேந்திப் பேணுகிறது. குறுகிய காலத்திற் பெருகுவதால் உள்நாட்டு மீன்பிடியின் அடித்தளமாகவே அது மாறிற்று. எளிய தூண்டிலுக்கும் அகப்படும். பொரிப்பதற்கும் குழம்பிற்கும் ஏற்றது. ஆயின் குளிர் அதன் பெருக்கத்தைத் தடுக்கும். ஆகையால் நுவரெலியாவின் உயரத்திற் பெறவியலாத வாய்ப்பு, ஏறத்தாழ 700 மீற்றர் உயரத்திலுள்ள கொத்மலையிற் கிட்டுகிறது.

அவ்வாய்ப்பு நீரில் மூழ்கிய வாழ்வுகளின் மீது அமைந்தது என்பதையும் இவ்விடத்திற் கூறவேண்டும். 1969இல் நிறைவுற்ற மவுசாகலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரை விழுங்கிற்று; நீர் வற்றும் காலங்களில் அங்கிருந்த கோயிலின் எச்சங்கள் இன்றும் வெளித்தோன்றுகின்றன. சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டப்பட்டு 1985இல் இயங்கத் தொடங்கிய கொத்மலை அணை 87 மீற்றர் உயரமானது. 201 மெகாவாற்று மின்வலு கொண்டது. கடதொர விகாரை உட்படப் பல சிங்களக் கிராமங்கள் அதில் அமிழ்ந்தன. இடம்பெயர்ந்தோரில் ஒரு பகுதியினர் மகாவலி வலயங்களுக்குச் சென்றனர். வேறு சிலருக்கு அண்டைய தோட்டக் காணிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. சிங்கள விவசாயியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே திட்டத்தின் பாதிப்பை வெவ்வேறு வடிவங்களில் ஏற்றனர் எனலாம். இவ்வொற்றுமையை இனவாத அரசியல் காணவிடவில்லை.

1990இல், உயிர்க்கொலைக்கு அரசு துணைபோதல் தகாது என்னும் சமய எதிர்ப்பின் பேரில், உள்நாட்டு மீன்பிடிக்கான அரச ஆதரவு நிறுத்தப்பட்டது. (கடல்மீனுக்கு இக்கருணை நீட்டப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.) 1994இல் அம்முடிவு மாற்றப்பட்டு, 1998ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நீருயிரின வளர்ப்புக்கென அதிகாரசபையொன்று அமைக்கப்பட்டது. எனினும் இழந்த ஆண்டுகள் மலிவான புரதவுணவை நம்பியிருந்தோருக்கே இழப்பாயின. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட சிறாரிடையே வயதுக்கேற்ற உயரமின்மை நாடு முழுவதிலும் 17.3 வீதமாக இருக்க, தோட்டத்துறையில் 31.7 வீதமாக இருந்தது. இவ்வெண்களை முன்வைத்து நோக்கும்போது, கொத்மலைக் கரையில் தூண்டிலிடுவோரின் சிறு மீன்கோவை பொழுதுபோக்கெனும் பெயருக்குள் அடங்குவதில்லை.

2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டமும் இயங்கத் தொடங்கியபின், ஒரே ஓயா இரு முறை மின்னுக்காகத் தேக்கப்படுகிறது. திலாப்பியாவின் குழிகள் கரையோர ஆழமற்ற நீரில் உள்ளன. மின்தேவை கூடும் நாட்களில் நீர்மட்டம் விரைந்து தாழ, அவை வெயிலிற் கிடக்கின்றன. நீரை எப்போது, எவ்வளவு திறப்பது என்பதை மின்தேவையும் கீழ்நிலப் பாசனமும் தீர்மானிக்கின்றன. கரையிலுள்ள மீன்பிடிப்பவனுக்கு அக்கணக்கில் இன்னும் நிரலொன்று ஒதுக்கப்படவில்லை.