காற்றை நிறுக்கத் தராசு தேடிய கதை: போட்டிக் கிளைடர்களின் ஒப்பீட்டு முறை வளர்ந்த வரலாறு

பருந்து சிறகசைக்காமல் வட்டமிடும் இடத்தில் சூடான காற்று மேலெழுகிறது. ரேடியோவால் இயக்கப்படும் தெர்மல் கிளைடரும் அந்தக் காற்றைத்தான் தேடிப் போகிறது. அது கிடைத்தால் கிளைடர் மேலேறும், தவறினால் சில நிமிடங்களில் தரைக்கு வந்துவிடும். இரண்டு கிளைடர்களில் எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்வதுதான் கடினம். பத்து மணிக்கு ஏறியதும் பத்தரைக்கு ஏறியதும் ஒரே காற்றைச் சந்திப்பதில்லை. இந்தச் சிக்கலுக்கு அரை நூற்றாண்டாகக் கண்ட விடைகளே கிளைடரின் உருவத்தையும் மாற்றின என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் விடை, போட்டியாளர்களைக் குழுக்களாகப் பிரித்து ஒரே நேரத்தில் பறக்கவிடுவது. குழுவில் முதலாவதாக வருபவருக்கு 1000 புள்ளி. மற்றவர்களுக்கு அவரோடு ஒப்பிட்ட விகிதப்படி. இந்த முறையில் நடக்கும் எஃப்3பி என்ற போட்டிப் பிரிவின் முதல் உலகப் போட்டி 1977இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் நடந்தது. நேரம், தூரம், வேகம் என்று அதில் மூன்று சோதனைகள். மிதப்பதில் மட்டும் கெட்டிக்காரக் கிளைடர் வேகத்தில் தோற்றது. ஆகவே மெல்லிய இறக்கையும் பின்விளிம்பில் மடல்களும் தேவைப்பட்டன. ரோல்ஃப் கிர்ஸ்பெர்கர் வரைந்த ஆர்ஜி15 என்ற இறக்கை வெட்டுமுகம் அந்தத் தேவைக்குப் பொருந்தியது. அதன் தடிமன் இறக்கை அகலத்தில் ஏறத்தாழ 9 விழுக்காடுதான்.

இரண்டாவது விடை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. என் பார்வையில் இந்த வரலாற்றின் திருப்புமுனை அதுவே. 25 செ.மீ. அகல இறக்கை நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் செல்லும்போது, காற்றோட்டத்தின் தன்மையைக் குறிக்கும் ரெனால்ட்ஸ் எண் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. ஒடுங்கிய இறக்கை நுனியில் அதில் பாதிகூட இருக்காது. பெரிய விமானங்களின் கணக்கு இங்கே செல்லாது. இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று நடுவில் பிரிந்து, ஒரு குமிழிபோல் எழும்பி, மீண்டும் ஒட்டுகிறது. அந்தக் குமிழி பெருத்தால் இழுவையும் கூடும். 1980களின் பிற்பகுதியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் செலிக், ஜான் டோனவன், டேவிட் ஃபிரேசர் மூவரும் மாதிரி விமானங்களுக்கான வெட்டுமுகங்களைக் காற்றுச் சுரங்கத்தில் வரிசையாகச் சோதித்தனர். சோதனை இறக்கைகளைச் செய்து கொடுத்தவர்களில் பலர் பொழுதுபோக்காகக் கிளைடர் கட்டியவர்கள். ஆய்வாளர்கள் அவற்றை அப்படியே சுரங்கத்தில் ஏற்றிவிடவில்லை. வரைபடத்திலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகியிருக்கிறது என்றும் அளந்தார்கள். வடிவமைத்தவரின் மூளையையும் செய்தவரின் கையையும் தனித்தனியே எடைபோட்ட அந்தப் பொறுமை அபூர்வமானது. 1989இல் முடிவுகள் நூலாயின. அந்த ஆய்வில் பிறந்த எஸ்டி7037 வெட்டுமுகம் பல ஆண்டுகள் தெர்மல் கிளைடர்களில் கோலோச்சியது. எம்ஐடியின் மார்க் ட்ரேலா 1986இல் எழுதிய எக்ஸ்ஃபாயில் மென்பொருள், இதே ஒப்பீட்டை வீட்டுக் கணினியில் செய்துபார்க்கும் வழியைப் பின்னாளில் திறந்துவிட்டது.

போட்டிக்களத்தில் பின்னர் வந்த எஃப்3ஜே பிரிவு தூரத்தையும் வேகத்தையும் விட்டுவிட்டு நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. அதன் முதல் உலகப் போட்டி 1998இல் இங்கிலாந்தில் நடந்தது. இருவர் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓட, கிளைடர் பட்டம்போல் ஏறும். பறப்பதற்கான பத்து நிமிடம் மணி அடித்ததுமே ஓடத் தொடங்குவதால் கயிற்றில் கழியும் நொடிகளும் நட்டக் கணக்கில் சேர்ந்தன. கயிறு இழுக்கும் விசைக்கு பால்சா இறக்கைகள் ஒடிந்தன. கார்பன் இழை முதுகெலும்பு கட்டாயமாயிற்று. கிளைடர்கள் தேறத் தேற, நல்ல காற்று வீசும் நாளில் எல்லோருமே முழு நேரம் பறந்தார்கள். முடிவைத் தீர்மானித்தது தரையில் குறித்த இடத்துக்கு 20 செ.மீ.க்குள் மூக்கை இறக்கும் திறமை. காற்றை அளக்கப் பிறந்த போட்டி தரையை அளப்பதில் முடிந்தது வேடிக்கைதான்.

போட்டிகளுக்கு இடையே ஒவ்வொருவரும் தம் கிளைடரைச் சீர்செய்யும் முறையும் ஒருவகை ஒப்பீடே. சமநிலைப்புள்ளியை முதலில் முன்னே வைத்துப் பறப்பார்கள். பிறகு கிளைடரைச் சரிவாகக் கீழே பாயவிட்டு, ரேடியோவின் கட்டுப்பாட்டுக் குச்சியிலிருந்து விரலை எடுத்துவிடுவார்கள். அது சட்டென்று நிமிர்ந்தால் மூக்கில் பாரம் அதிகம். மேலும் கவிழ்ந்துகொண்டே போனால் சமநிலைப்புள்ளி அளவுக்கு மீறிப் பின்னே போயிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே நகர்த்தினால், எழுகாற்றில் நுழையும்போது கிளைடர் வாலைத் தூக்கிக் காட்டும். அந்த அசைவைப் படிப்பவரே தேர்ந்தவர். பலத்த காற்றில் உடலுக்குள் உலோகப் பாரம் சேர்ப்பார்கள். எடை 20 விழுக்காடு கூடினால் பறக்கும் வேகம் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும்.

மூன்றாவது விடை எஃப்5ஜே பிரிவு. கயிற்றுக்குப் பதில் சிறு மின்மோட்டார், அதிகபட்சம் 30 நொடி. உள்ளே ஓர் உயரமானி. மோட்டார் நின்ற பிறகான 10 நொடிவரை எட்டிய உச்ச உயரம் பதிவாகும். 200 மீட்டர்வரை மீட்டருக்கு அரைப் புள்ளி, அதற்கு மேல் மீட்டருக்கு 3 புள்ளி கழிக்கப்படும். பறக்கும் ஒவ்வொரு நொடிக்கும் ஒரு புள்ளி. 100 மீட்டரில் மோட்டாரை நிறுத்துபவர், 60 மீட்டரில் நிறுத்துபவரைவிட 20 புள்ளி, அதாவது 20 நொடி, பின்தங்கித் தொடங்குகிறார். எல்லோரும் முழு நேரம் பறந்தாலும் இனி வேறுபாடு தெரியும். இந்த விதி உடனே இறக்கையில் எதிரொலித்தது. தாழ்வான உயரத்தில் மெல்லிய எழுகாற்றிலும் தங்க வேண்டுமென்றால் எடை குறைய வேண்டும். எஃப்3ஜேயில் இரண்டு கிலோவைத் தொட்ட கிளைடர்கள் இங்கே ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே இறங்கின. கயிற்றின் முரட்டு இழுப்பு இல்லாததால் அது முடிந்தது.

இந்தப் பிரிவின் முதல் உலகப் போட்டி 2019இல் ஸ்லோவாக்கியாவின் டிர்னாவாவில் நடந்தது. உயரமானி சொல்வதை இறங்கிய பிறகே பார்க்கலாம். பறக்கும்போது அந்த எண்ணைக் கீழே நிற்பவருக்கு அனுப்ப விதி இடம் தருவதில்லை.