கமடோர் 64 பேசிக்

1982இல் வெளிவந்த கமடோர் 64 வீட்டுக் கணினியின் நிரல்மொழி. அதன் இயக்குதளத்துக்கு முகமும் அதுவே. சுவிட்சைப் போட்டால் சில விநாடிகளில் நீலத் திரையில் '38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ' என்றும், அடுத்து 'ரெடி' என்றும் எழுத்துகள் தோன்றும். கீழே கர்சர் கண்சிமிட்டும். மெனு, ஐகான் எதுவும் கிடையாது. மைக்ரோசாஃப்டிடம் உரிமம் பெற்ற இந்த பேசிக், ராமில் அல்ல, ரோமில் பதிந்திருந்தது.

வரி எண் இல்லாமல் தட்டினால் கட்டளை உடனே நிறைவேறும். எண்ணோடு தட்டினால் நிரலில் ஒரு வரியாகச் சேரும். கணினியைப் பயன்படுத்துவதற்கும் நிரல் எழுதுவதற்கும் இடையே இருந்த வேலி அந்த எண் மட்டுமே. 'போக் 53280,0' என்றால் திரையின் ஓரம் கறுத்துவிடும். விளையாட்டைத் தவிர வேறெதுவும் வேண்டாத சிறுவனும் வட்டிலிருந்து அதை ஏற்ற 'லோட்', ஓட்ட 'ரன்' என இரண்டு பேசிக் சொற்களையாவது தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

விசித்திரம் வட்டின் கோப்புப் பட்டியலில்தான். 'லோட் "$",8' என்றால் பட்டியலே ஒரு பேசிக் நிரலாக வந்து இறங்கும். 'லிஸ்ட்' என்று கேட்டுத்தான் பார்க்க முடியும். கோப்பின் அளவு வரி எண்ணின் இடத்தில் நிற்கும். புத்திசாலித்தனமான குறுக்குவழிதான், ஆனால் சேமிக்காமல் பட்டியலைப் பார்க்கப் போனவரின் நிரல் நினைவகத்திலிருந்து அழிந்துபோகும்.