வலிக்காத கட்டி



சென்ற பௌர்ணமி கிரிவலத்தில் கூட வந்த நண்பர் (அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்தான்) சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கைக்கு மேலே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. "ஆறு மாசமா இருக்கு சார். கொஞ்சம் வளர்ந்திருக்கு. வலிக்கவே இல்ல, அதான் விட்டுட்டேன்" என்றார். அப்போது ரமணாசிரமத்தைக் கடந்துகொண்டிருந்தோம். அந்த வாசலில் நின்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1949-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ரமண மகரிஷிக்கு இடது முழங்கை அருகே ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. அவருக்கு அப்போது வயது 69. பிப்ரவரி 9 அன்று மருத்துவர்கள் அதை அகற்றினார்கள். புண் ஆறியது. ஆனால் ஒரு மாதத்துக்குள் கட்டி மறுபடி முளைத்தது. மார்ச் 27 அன்று இரண்டாம் அறுவை. வெட்டிய சதையை நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் 'சார்கோமா' என்று தெரிந்தது.

புற்றுநோயில் பலவகை உண்டு. தோல், குடல், மார்பகம் போன்ற உறுப்புகளின் மேற்படலத்தில் தோன்றுவது கார்சினோமா. தசை, கொழுப்பு, எலும்பு, நரம்புறை போன்றவற்றில் தோன்றுவது சார்கோமா. இது அபூர்வமானது. கையிலோ தொடையிலோ மென்மையான தசைக்குள் வளரும்போது சுற்றியுள்ள சதை விலகி இடம் கொடுக்கும். அதனால் ஆரம்பத்தில் வலி இருக்காது. நரம்பை அழுத்தும்போதுதான் வலி தொடங்கும்.

அகற்றிய கட்டி ஏன் திரும்ப வருகிறது? கண்ணுக்குத் தெரியும் கட்டியைத் தாண்டி, சுற்றுச் சதையிலும் நோய்ச் செல்கள் ஊடுருவியிருக்கலாம். அதில் கொஞ்சம் மிஞ்சினாலும் போதும்.

மகரிஷிக்கு ரேடியம் சிகிச்சை தரப்பட்டது. கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னபோது அவர் இணங்கவில்லை. ஆகஸ்ட் 7 அன்று மூன்றாம் அறுவை, டிசம்பர் 19 அன்று நான்காவது. அதன் பிறகும் கட்டி தோள்பக்கம் மேலேறியது. சித்த, ஆயுர்வேத, ஹோமியோபதி வைத்தியங்களும் நடந்தன. கட்டி புண்ணாகி, ரத்தம் கசிந்தது. வேகமாக வளரும் கட்டிக்குள் உருவாகும் ரத்தக் குழாய்கள் பலவீனமானவை, எளிதில் உடையும். ரத்தம் போகப் போகச் சோகை. நோய் முற்றும்போது உடல் தன் தசையையும் கொழுப்பையும் கரைத்துக்கொள்வதால் மெலிவு, களைப்பு.

அத்தனை வேதனையிலும் தரிசனத்தை நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை. கடைசி நாளிலும் ஜனங்கள் வரிசையாக வந்து பார்த்துப் போனார்கள். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு எல்லாம் அடங்கியது.

அன்று தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இல்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல்தான் தொடங்கியது. இன்று முதலில் ஸ்கேன், பிறகு ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பயாப்ஸி. என்ன நோய் என்று தெரிந்துகொண்டு, சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்து அறுவை செய்கிறார்கள். தேவைப்பட்டால் கதிர்வீச்சும் உண்டு. பெரும்பாலும் கையையோ காலையோ எடுக்காமலே சிகிச்சை முடிந்துவிடுகிறது.

உடம்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை வெறும் கொழுப்புக் கட்டிகள்தான். பயம் வேண்டாம். ஆனால் கட்டி வளர்ந்துகொண்டே போனாலோ, ஆழத்தில் இருந்தாலோ, ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, எடுத்த இடத்திலேயே திரும்ப வந்தாலோ, வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். நம் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

நண்பர் நேற்றுதான் பயாப்ஸிக்குச் சதை கொடுத்துவிட்டு வந்தார். முடிவு அடுத்த வாரம் வரும். அண்ணாமலையார் துணை. உங்கள் வீட்டிலும் யாராவது "வலிக்கலையே" என்று சொல்லிக்கொண்டிருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.