ஒவ்வாமைக்கான இரத்தச் சோதனையின் வரலாறு

ஒவ்வாமையை இரத்தத்தில் தேடிய கதையில் முதலில் வருவது மீன். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை அடுத்து வாழும் இராயபுரத்தாருக்கு இது வியப்பாக இருக்கலாம். கூஸ்ட்னர் என்ற ஜெர்மானிய மருத்துவருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. 1921-இல் வெளியான ஆய்வில், அவருடைய இரத்தச் சீரத்தைப் பிராஸ்னிட்ஸ் என்பவர் தம் தோலுக்குள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றை ஏற்றியதும் தோல் தடித்துச் சிவந்தது. ஆக, காரணம் இரத்தத்தில்தான் இருந்தது. தம் உடம்பையே சோதனைக்கூடமாக்கிய துணிச்சலை என்னென்பது!

அந்தக் காரணம் ஐஜிஇ என்னும் எதிர்ப்புரதம். அதை 1966-இல் இஷிசாகா தம்பதியர் அமெரிக்காவில் கண்டறிந்தனர். சுவீடன் ஆய்வாளர்களும் தனியே அதைக் கண்டு, 1967-இல் கதிரியக்கத்தால் அளக்கும் ‘ராஸ்ட்’ சோதனையை வெளியிட்டனர்.

இப்போது வரும் நுண்பாய்மச் சில்லுகளில், மயிரிழை போன்ற கால்வாய்கள் வழியே சிறிதளவு இரத்தம் ஓடுகிறது. ஒவ்வாமைப் பொருள் பூசிய இடங்களில் அதற்குரிய ஐஜிஇ ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டியது என்பதைக் கருவி அளக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இறாலிலுள்ள டிரோபோமயோசின் புரதத்தை ஒத்தது கரப்பான்பூச்சியிலும் வீட்டுத்தூசி உண்ணியிலும் இருக்கிறது. அவற்றால் ஒவ்வாமை கொண்டவர், இறாலை விரும்பிச் சாப்பிட்டு நலமாக இருந்தாலும், அறிக்கையில் இறால் ஒவ்வாமை எனக் காட்டக்கூடும். சாப்பிட்டபின் என்ன நேர்ந்தது என்று மருத்துவர் துருவிக் கேட்பது இதனால்தான்.