மிதிவண்டியில் சிறு நாயை ஏற்றிச் செல்லுதல்

மிதிவண்டியில் சிறு நாயை ஏற்றிச் செல்லுதல் என்பது, ஏறத்தாழ 10 கிலோவுக்கு உட்பட்ட வளர்ப்பு நாயைச் சைக்கிளில் பொருத்திய கூடையிலோ பெட்டியிலோ, சைக்கிள் இழுத்துச் செல்லும் சிறு வண்டியிலோ அமர்த்திப் பயணம் செய்யும் வழக்கமாகும். சைக்கிளை அன்றாட வாகனமாகக் கொண்ட நெதர்லாந்து, டென்மார்க், ஜெர்மனி ஆகிய நாடுகளில் இது தெருவில் சாதாரணமாகக் காணக் கிடைப்பது. கடைக்குப் போகவும், பூங்காவுக்கு அழைத்துச் செல்லவும், கால்நடை மருத்துவரிடம் காட்டவும், நெடுந்தூரம் நடக்க முடியாத வயதான நாயை வெளியே கொண்டு போகவும் இந்த முறை பயன்படுகிறது. காய்கறிப் பையை வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். நாய் எழும், திரும்பும், எட்டிப் பார்க்கும், பூனையைக் கண்டால் பாயும். சுமை தானாக அசையும் என்பதே இதன் முதன்மையான சிக்கல். இதற்கான கருவிகளும் விதிகளும் பெரும்பாலும் அதை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

தோற்றமும் பரவலும்

முன் சக்கரம் ஆளுயரத்துக்கு இருந்த 1870களின் உயரச் சைக்கிள்களில் ஓட்டுபவரே ஏறி அமர்வது கடினம். சுமைக்கு அங்கே இடமில்லை. 1885இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் சைக்கிள், ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு சக்கரங்களையும் பின் சக்கரத்தை இயக்கும் செயினையும் கொண்டிருந்தது. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். வண்டி தாழ்ந்து, அதிர்வும் குறைந்தபின் ஹேண்டில்பாரில் பிரம்புக் கூடையும் பின் சக்கரத்தின் மேல் கேரியரும் இடம்பெற்றன.

சரக்கு ஏற்றுவதற்கென்றே அமைந்த சைக்கிள்களும் இதற்கு வழிவகுத்தன. பிரிட்டனில் இறைச்சிக் கடைகளும் ரொட்டிக் கடைகளும் முன் சக்கரத்தைச் சிறிதாக்கி, பெரிய கூடையை வண்டியின் சட்டத்தோடு பிணைத்த சைக்கிள்களைப் பயன்படுத்தின. டென்மார்க்கின் ‘லாங் ஜான்’ வகையில் ஹேண்டில்பாருக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே தாழ்வான சரக்குத் தளம் இருந்தது. நெதர்லாந்தின் ‘பாக்ஃபீட்ஸ்’ என்னும் பெட்டிச் சைக்கிளும், கோபன்ஹேகன் நகரின் கிறிஸ்டியானியா பகுதியில் 1984இல் முதலில் செய்யப்பட்ட மூன்று சக்கரப் பெட்டி வண்டியும் பின்னாளில் குழந்தைகளையும் நாய்களையும் ஏற்றும் குடும்ப வாகனங்களாயின.

சைக்கிள் கூடையில் நாய் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் திரைக்காட்சி 1939இல் வெளியான ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில் உள்ளது. டோட்டோ என்னும் சிறு நாயைப் பறித்துக்கொண்டு, மூடியுள்ள பிரம்புக் கூடையில் வைத்துச் சைக்கிளில் கொண்டு போகிறாள் மிஸ் கல்ச். போகும் வழியில் நாய் மூடியைத் தலையால் நெம்பித் திறந்து, குதித்து வீட்டுக்கு ஓடிவிடுகிறது. டோட்டோவாக நடித்தது டெர்ரி என்ற கெய்ர்ன் டெரியர் பெண் நாய். கதையில் அது தப்பித்தல். தெருவில் நடந்தால் விபத்து.

எந்த நாய்க்குப் பொருந்தும்

எடையே முதல் அளவுகோல். சிவாவா பெரும்பாலும் 3 கிலோவுக்குள்ளும், யார்க்‌ஷயர் டெரியர் ஏறத்தாழ 3 கிலோவும், ஜாக் ரஸல் டெரியர் 5 முதல் 6 கிலோவும், பக் 6 முதல் 8 கிலோவும் இருக்கும். ஒரே இனத்திலும் நாய்க்கு நாய் எடை வேறுபடுவதால், இனத்தின் பெயரை நம்பிக் கூடை வாங்காமல் நாயை எடை போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டு எடைக்கருவியில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு முறையும் தனியாக ஒரு முறையும் நின்று கழித்தால் நாயின் எடை தெரிந்துவிடும்.

அடுத்தது உடல்நிலை. தடுப்பூசிகள் முடியாத குட்டி, மூட்டுவலி உள்ள முதிய நாய், கருவுற்ற நாய் ஆகியவற்றை ஏற்றுவதற்கு முன் கால்நடை மருத்துவரைக் கேட்பது முறை. டாக்ஸ்ஹுண்ட் போன்ற நீண்ட முதுகுள்ள இனங்களுக்கு முதுகெலும்பின் தட்டுகள் பிதுங்கும் நோய் அதிகம் வருகிறது. அவற்றை முன்னங்கால்களைப் பிடித்துத் தூக்கக்கூடாது. ஒரு கை மார்புக்கு அடியிலும் மறு கை பின்தொடைக்கு அடியிலுமாக, முதுகு கிடைமட்டமாக இருக்கும்படி தூக்க வேண்டும். இயல்பிலேயே மிரளும் நாய்க்கும், நகரும் எதைக் கண்டாலும் துரத்தும் நாய்க்கும் திறந்த கூடை ஏற்றதல்ல.

ஏற்றும் முறைகள்

முன் கூடை: ஹேண்டில்பாரில் பொருத்தும் கூடையில் நாய் எப்போதும் ஓட்டுபவரின் கண் முன்னே இருக்கும், இதுவே இதன் பெரிய நன்மை. ஆனால் ஹேண்டில்பார் திரும்பும்போது நாயின் எடையும் சேர்ந்து திரும்புவதால் வண்டி கனத்துத் தடுமாறும். எடைக்கும் வரம்பு உண்டு. ஜெர்மனியின் ரிக்சன் அண்ட் கவுல் நிறுவனம் தயாரிக்கும் ‘க்ளிக்ஃபிக்ஸ்’ வகை ஹேண்டில்பார்ப் பிடிமானத்தின் பொது வரம்பு 7 கிலோ. கூடையும் மெத்தையும் இந்தக் கணக்கிலேயே சேரும். கூடை 2 கிலோ என்றால் நாய்க்கு மிஞ்சுவது 5 கிலோதான். சட்டத்தோடு பிணைக்கும் முன் தளங்கள் ஹேண்டில்பாருடன் திரும்புவதில்லை; எனவே கூடுதல் எடையைத் தாங்கும்.

பின் கேரியர்: பின் சக்கரத்தின் மேல் வைக்கும் கூடை அல்லது பெட்டி ஹேண்டிலைப் பாதிப்பதில்லை. நவீன கேரியர்களில் தாங்கும் எடை அச்சிடப்பட்டிருக்கும். 25 கிலோ என்பது பரவலான அளவு. கேரியர் தாங்கினாலும் கூடையின் வரம்பு அதைவிடக் குறைவாக இருக்கலாம். இரண்டில் சிறியதே கணக்கு. நாய் கண்ணுக்குத் தெரியாது என்பது இதன் குறை. ஆகவே பின் கூடைகள் பெரும்பாலும் மேலே கம்பிவலைக் கூண்டுடன் விற்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் பழக்கமான பழைய வகைச் சைக்கிள்களின் கேரியரில் உள்ள ஸ்பிரிங் கம்பி, கூடையைப் பிடித்து வைக்கப் போதாது. அவற்றில் கூடையை நான்கு மூலைகளிலும் போல்ட்டாலோ வலுவான பட்டையாலோ இறுக்க வேண்டும்.

பெட்டிச் சைக்கிள்: சுமை தாழ்வாகவும் இரு சக்கரங்களுக்கு நடுவிலும் இருப்பதால் நிலைத்தன்மை அதிகம். ஒன்றுக்கு மேற்பட்ட நாய்களையும் ஏற்றலாம். விலையும், நிறுத்திவைக்கத் தேவைப்படும் இடமும் இதன் தடைகள்.

இழுவண்டி: பின் சக்கரத்தின் அச்சில் இணைத்து இழுக்கும் இரு சக்கரக் கூடார வண்டி இது. சைக்கிள் சாய்ந்தாலும் நாய் சாயாதபடி பெரும்பாலான இணைப்புகள் அமைக்கப்படுகின்றன. 10 கிலோவுக்கு மேற்பட்ட நாய்க்கு இதுவே உகந்தது. தரையை ஒட்டிச் செல்வதால் புகையும் தூசியும் நாயின் முகத்தில் படும். பிற வாகன ஓட்டிகளுக்குத் தெரிய உயரமான கொடி தேவை.

முதுகுப் பை: மிகச் சிறிய நாய்களுக்கு மட்டும் பயன்படுவது. எடை ஓட்டுபவரின் தோளுயரத்துக்கு ஏறுவதால் வண்டி எளிதில் சாயும். ஓட்டுபவர் மல்லாந்து விழுந்தால் நாய் அடியில் சிக்கும்.

கட்டிவைத்தல்

கூடை தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், அதிலிருந்து விழும் நாய் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஓடும் வண்டியில் முன்னோக்கிய வேகமும் இதனுடன் சேரும். எனவே எவ்வளவு சாதுவான நாயானாலும் கட்டாமல் ஏற்றக்கூடாது.

கட்டும் வாரைக் கழுத்துப் பட்டையில் மாட்டுவது ஆபத்து: நாய் குதித்துவிட்டால் கழுத்து இறுகித் தூக்கு மாட்டியதுபோல் தொங்கும். மார்பைச் சுற்றிப் பிடிக்கும் ஹார்னஸ் என்னும் மார்புப் பட்டையின் முதுகு வளையத்தில்தான் வாரை மாட்ட வேண்டும். நாய் உட்காரவும் படுக்கவும் திரும்பவும் முடிய வேண்டும். முன்னங்கால்களைக் கூடை விளிம்பின்மேல் தூக்கி வைக்க முடியக்கூடாது. வாரின் நீளத்துக்கு இதுவே அளவு. வலமும் இடமுமாக இரு குட்டை வார்களை மாட்டினால் நாய் ஒரு பக்கமாகச் சாய்வதும் குறையும். வாரின் மறுமுனை கூடையின் பிரம்பில் அல்லாமல், கூடையின் உலோகச் சட்டத்திலோ பிடிமானத்திலோ இணைய வேண்டும். கூடையின் அடியில் வழுக்காத விரிப்பு தேவை. கால் வழுக்கும் இடத்தில் நாய் அமைதியாக உட்காராது. வால், காது, வாரின் முனை எதுவும் சக்கரக் கம்பிகளை எட்டாதபடி பக்கங்கள் மூடியிருக்க வேண்டும்.

பழக்குதல்

கூடையை முதலில் சைக்கிளில் பொருத்தாமல் வீட்டுத் தரையில் வைத்து, அதில் நாயின் துணியையும் தின்பண்டத்தையும் போட்டுத் தானாக ஏறவிடுவதே தொடக்கம். பிறகு கூடையைச் சைக்கிளில் பொருத்தி, வண்டியை நிறுத்தி வைத்தபடி நாயை அமர்த்த வேண்டும். அடுத்து ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். இவற்றுக்குப் பின்னரே போக்குவரத்து இல்லாத தெருவில் சில நிமிடங்கள் ஓட்டுவது. ஒரு நிலையில் நாய் இயல்பாக இருந்தால்தான் அடுத்த நிலைக்குப் போகலாம். ஓயாமல் கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், நடுக்கம், எச்சில் வடிதல், காதுகளைப் பின்னுக்கு மடித்தல் ஆகியவை அச்சத்தின் அறிகுறிகள். அவற்றைக் கண்டால் முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

ஓட்டுபவருக்கும் பழக்கம் வேண்டும். நாயின் எடைக்குச் சமமான அரிசிப் பையைக் கூடையில் கட்டி, திரும்புவதையும் பிரேக் பிடிப்பதையும் முதலில் ஒத்திகை பார்ப்பது நல்ல வழி.

ஓட்டும்போதும் நிறுத்தும்போதும்

நாயுடன் செல்லும் சைக்கிள் ஓடும்போது மட்டுமல்ல, நிற்கும்போதும் கவிழக்கூடும். ஒற்றைக்கால் ஸ்டாண்டில் நிறுத்திய வண்டியில் நாய் எழுந்து நின்றாலே ஹேண்டில் திரும்பி வண்டி சரியும். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்ட் வண்டியைத் தாங்கினாலும், முன் கூடையில் எடை இருந்தால் ஹேண்டில் ஒரு பக்கம் வெட்டி விழும். இதைத் தடுக்க டச்சு சைக்கிள்களில் முன் கவட்டைக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு ஸ்பிரிங் பொருத்துவது வழக்கம். எந்த ஸ்டாண்டாக இருந்தாலும் நாயைக் கூடையில் விட்டுவிட்டு நகரக்கூடாது. மற்றப் பொருள்களை எல்லாம் ஏற்றிய பிறகு கடைசியாக நாயை ஏற்றி, கையை எடுக்குமுன் வாரை மாட்ட வேண்டும். இறக்கும்போது முதலில் நாயை இறக்க வேண்டும்.

ஓட்டும்போது குழிகளையும் வேகத்தடைகளையும் மெதுவாகக் கடப்பதும், சட்டென்று பிரேக் போடாமல் முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பதும், தெரு நாய்க் கூட்டம் தெரிந்தால் பாதையை மாற்றுவதும் அடிப்படை. தெரு நாய்களின் குரைப்புக்குப் பதில் சொல்லக் கூடையில் உள்ள நாய் துள்ளினால் ஓட்டுபவருக்கு வண்டியைச் சமாளிப்பது கடினம்.

வெப்பம்

நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். மனிதரைப்போல உடல் முழுதும் வியர்க்காத நாய், மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. உடல் சூடு 41 டிகிரியைத் தாண்டினால் வெப்பத்தாக்கு உயிருக்கு ஆபத்தாக முடியும். பக், ஷி ட்சூ போன்ற தட்டை மூக்கு இனங்களுக்கு மூச்சுப்பாதை குறுகியது என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். வண்டி ஓடும்போது வீசும் காற்று, சிக்னலில் நின்றதும் நின்றுவிடும். வெயிலில் காயும் கம்பிக் கூடையும் சூடேறும். கோடையில் காலை வேளையிலோ மாலை மங்கிய பிறகோ பயணம் செய்வதும், கூடைக்கு நிழல்துணி கட்டுவதும், அடிக்கடி நிறுத்தித் தண்ணீர் காட்டுவதும் இதனால்தான். நாய் தள்ளாடினாலோ ஈறு கடுஞ்சிவப்பாக மாறினாலோ உடனே நிழலுக்குக் கொண்டு போய், உடலில் தண்ணீர் ஊற்றி, மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

சட்டம்

நாயை வண்டியில் ஏற்றுவதையும், ஓடும் சைக்கிளிலிருந்து கயிற்றில் பிடித்து அழைத்துச் செல்வதையும் சட்டங்கள் வேறுபடுத்துகின்றன. இத்தாலியில் சைக்கிளிலிருந்தபடி விலங்கைக் கயிற்றில் அழைத்துச் செல்லத் தடை உண்டு. கூண்டிலோ உரிய பெட்டியிலோ வைத்து ஏற்றிச் செல்லலாம். ஜெர்மனியில் சைக்கிளிலிருந்து அழைத்துச் செல்ல அனுமதிக்கப்பட்ட ஒரே விலங்கு நாய். ஏற்றிச் செல்லும் விலங்கால் பார்வையும் கேட்கும் திறனும் தடைபடாமல் பார்த்துக்கொள்வது ஓட்டுபவரின் பொறுப்பு. சமநிலையைக் கெடுக்கும் எதையும், சக்கரத்திலோ செயினிலோ சிக்கக்கூடிய எதையும் சைக்கிளில் கொண்டு செல்லக்கூடாது என்று பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு அறிவுறுத்துகிறது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவின்படி, தேவையற்ற வலியோ துன்பமோ தரும் விதத்தில் எந்த விலங்கையும் ஏற்றிச் செல்வதைக் குற்றமாக்குகிறது. சைக்கிள் கேரியரில் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கொண்டு போவதும் இதன் வரம்புக்குள் வரக்கூடியதே.