சுவிஸுக்கு வெளிக்கிடுதல்

மலைநாடொன்றுக்குப் போக ஆயத்தமாவது என்றால் கம்பளிச் சட்டையும் கனத்த சப்பாத்தும்தான் முதலில் நினைவுக்கு வரும். உடுப்பிட்டியிலிருந்தும் சுற்றியுள்ள வடமராட்சி ஊர்களிலிருந்தும் சுவிற்சர்லாந்துக்குப் போனவர்களின் வரலாற்றை அப்படிப் பார்ப்பது பிழை என்பது என் எண்ணம். உடுப்பிட்டி கடல்மட்டத்துக்குச் சில மீற்றரே மேலே கிடக்கும் சுண்ணாம்புக்கல் நிலம்தான். ஆனால் 1980களிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் குடியிருந்தது அல்ப்ஸ் உச்சிகளில் அல்ல, பேர்ண், சூரிச், பாசல் போன்ற நகரங்களில். பேர்ண் ஏறத்தாழ 540 மீற்றர் உயரம். நம் கண்டியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நுவரெலியாவோ 1,868 மீற்றர். அங்கேயும் பதுளையிலும் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய யாழ்ப்பாணத்தார் பேர்ணைவிட உயர்ந்த மலைகளில் வாழ்ந்து பழகியவர்கள். சுவிஸ் குளிர் கொடியது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு வேண்டியதைப் போன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஊரிலேயே தேடி முடிக்கவேண்டியிருந்தவை கடதாசியும் ஆட்களும்தான்.

இந்தத் தேட்டம் சுவிஸோடு தொடங்கியதல்ல. அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணம் வந்தது. உடுப்பிட்டியில் அதன் கல்லூரி 1852இல் எழுந்தது. இத்தகைய பள்ளிகளில் ஆங்கிலம் படித்த இளைஞர்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவின் புகையிரதப் பகுதியும் நில அளவைப் பகுதியும் அரசாங்க அலுவலகங்களும் வேலைக்கு எடுத்தன. அந்தப் பயணத்துக்கு மூலதனம் கையிலிருந்த சான்றிதழும், கோலாலம்பூரிலோ சிரம்பானிலோ முன்பே போயிருந்த உறவினர் ஒருவரும். முதலில் போனவர் தம்பியை அழைப்பார், தம்பி மச்சானை அழைப்பார். மலாயாவில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய மலாயன் பென்சனியர்கள் பழைய கடிதங்களையும் அத்தாட்சிகளையும் பெட்டியில் பத்திரப்படுத்தியதை வயதானவர்களின் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. கடல்கடந்து போகிறவனின் தகுதியை ஒரு கடதாசியும் ஓர் ஆளும்தான் நிறுவும் என்ற பாடத்தை அவர்கள் தம் வாழ்க்கையிலேயே கற்றிருந்தார்கள்.

1983 யூலைத் தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பாடம் உயிர்காக்கும் அறிவானது. 1980களின் நடுப்பகுதியில் பலர் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பேர்லினுக்குள் கடந்தார்கள். அங்கிருந்து சிலர் சுவிஸ் வரை போனார்கள். 1987 மே மாத இறுதியில் வடமராட்சி மீது இலங்கை இராணுவம் படையெடுத்தபின் வெளிக்கிடாத குடும்பத்திலும் வெளிக்கிடும் பேச்சு இருந்தது. 1990இல் கொழும்புக்கான யாழ்தேவி ரயில் நின்றது. பின்வந்த ஆண்டுகளில் சுவிஸ் பயணத்தின் மிகக் கடினமான பகுதி ஊருக்கும் கொழும்புக்கும் இடையில்தான் இருந்தது. ஊரை விட்டு வெளியேற விடுதலைப் புலிகளின் பாஸ் எடுக்கவேண்டும். அதற்கு ஊரில் ஒருவர் பிணை நிற்கவேண்டும். இரவில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடக்கவேண்டும். பிறகு கொழும்பில் லொட்ஜ், பொலிஸ் பதிவு, பாஸ்போட், ஏஜென்சி. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, விதானையாரின் கடிதம் ஆகிய மூன்றும் ஈரம்படாமல் போய்ச்சேருவதே பெரும் காரியம். செலவுக்குக் காணி ஈடு வைக்கப்பட்டது, தாயின் நகை விற்கப்பட்டது, சீட்டுக் காசு எடுக்கப்பட்டது.

உயிருக்கு அஞ்சி ஓடியவர்களின் கதைக்கு ‘ஆயத்தம்’ என்ற சொல் பொருந்துமா என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். உடுத்த துணியோடு போனவர்கள் உண்டு. மாநிலங்களுக்கு ஆட்களைப் பங்கிட்டு அனுப்பியது சுவிஸ் அரசு. ஆகவே எந்த மொழியைப் படித்து வைப்பது என்றுகூட ஒருவருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஜேர்மன் மொழியா பிரெஞ்சா என்பது போனபின்தான் தெரியும். ஆனாலும் அவசரத்தில் ஓடியவன் எந்தத் திசைக்கு ஓடினான் என்பதை முந்திய தலைமுறைகள் சேர்த்துவைத்த காணியும் படிப்பும் உறவும் பெருமளவு தீர்மானித்தன. இதற்கு வலிமையான சான்று போகமுடியாதவர்களே. ஈடு வைக்கக் காணியில்லாதவர்கள், சாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாகக் காணியும் பள்ளிப்படிப்பும் மறுக்கப்பட்டவர்கள், அதே போரின் குண்டுவீச்சுக்குப் பயந்து படகேறித் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனார்கள், அல்லது வன்னியில் தங்கினார்கள். காலப்போக்கில் வசதி குறைந்த வீட்டு இளைஞர்களும் கடன்பட்டு மேற்கே போனது உண்மை. அந்தக் கடனை அவர்கள் சுவிஸ் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவி அடைத்தார்கள். ஏஜென்சிக்காரரிடம் ஏமாந்து நடுவழியில் நின்றவர்களின் இழப்பையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். வாசலை அடைத்த விசாச் சட்டங்களே அந்த ஏஜென்சித் தொழிலுக்குத் தீனி போட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்று உடுப்பிட்டியிலிருந்து சுவிஸுக்குப் போகிறவர் பெரும்பாலும் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் தாயோ தகப்பனோதான். 2008 டிசம்பரில் சுவிஸ் ஷெங்கன் வலயத்தில் இணைந்தது. ஷெங்கன் விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் தங்கலாம். விண்ணப்பக் கட்டணம் 2024 யூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும், கைரேகை கொடுக்கவேண்டும். அங்கே இருக்கும் பிள்ளையிடம் 30,000 பிராங் வரையான பொறுப்பேற்புப் பத்திரமும் கேட்கப்படலாம். கிளாலி வழி போனவருக்கு ஊரில் ஒருவர் பிணை நின்றார். இப்போது சூரிச்சில் ஒருவர் நிற்கிறார். பெட்டி கட்டுவதிலும் சட்டம் வந்துவிட்டது. கறித்தூளும் ஒடியலும் மோர்மிளகாயும் அடுக்கும் வீட்டார் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தையும் முருங்கைக்காயையும் வெளியே எடுத்துவைக்க வேண்டும்: 2020 தொடக்கம் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து அவற்றைச் சுவிஸுக்குள் கொண்டுபோக முடியாது. தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அந்தக் கடதாசி கேட்பதில்லை.