ஒற்றைப் புள்ளியில் தொடங்கிய பாடம்

அலுவலகக் கால்பந்துப் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும். வேய்ன் ராட்லிஃபுக்கு அப்போது இருந்த கவலை அவ்வளவுதான். கலிபோர்னியாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் வேலை பார்த்த அவர், 1978-ல் அணிகளின் புள்ளிவிவரங்களை அலச ஒரு நிரல் எழுதத் தொடங்கினார். ஸ்டார் டிரெக் தொடரில் வரும் ஸ்பாக்கின் கிரகத்தை நினைத்து 'வல்கன்' என்று பெயரும் வைத்தார்.

ஆஷ்டன்-டேட் நிறுவனம் அதை 'டிபேஸ் 2' என்ற தரவுத்தள மென்பொருளாக விற்றது. டிபேஸ் 1 என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆஷ்டன் என்றொரு பங்குதாரரும் கிடையாது!

கற்பவர் முன் திரையில் ஒரு புள்ளி மட்டும் நிற்கும். 'யூஸ்' என்றால் கோப்பு திறக்கும், 'லிஸ்ட்' என்றால் பதிவுகள் வரிசையாக ஓடும். கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துவிட்டு, அவற்றையே ஒரு கோப்பில் கோத்தால் நிரல் தயார். கணக்குப்பிள்ளைகளையும் நிரலாளர்களாக்கியது இந்த எளிமைதான். 'டூ வைல்' சுற்றுக்குள், அடுத்த பதிவுக்கு நகர்த்தும் 'ஸ்கிப்' போட மறந்தவருக்கு மட்டும் முதல் பதிவே முடிவில்லாமல் வந்துகொண்டிருக்கும்.

ஒஹையோவின் ஃபாக்ஸ் நிறுவனம் டிபேஸின் இதே மொழியை இன்னும் வேகமாக ஓடவைத்தது. ஆஷ்டன்-டேட் 1988-ல் ஃபாக்ஸ் மீது வழக்குப் போட்டது. 1991-ல் ஆஷ்டன்-டேட்டே போர்லாண்டு நிறுவனத்துக்கு விலைபோனது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுப் பயிற்சி மையங்களிலும் ஃபாக்ஸ் உருவாக்கிய ஃபாக்ஸ்புரோ பாடமானது.

அதன் பிந்தைய வடிவமான விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கான ஆதரவை, ஃபாக்ஸை வாங்கியிருந்த மைக்ரோசாஃப்ட் 2015-ல் நிறுத்தியது. டிபேஸின் டிபிஎஃப் கோப்போ, வரைபட மென்பொருள்களின் ஷேப்ஃபைலில் இன்றும் ஓர் அங்கம்.